மலையேறிய மாண்புக் கழகம்

அடி பூங்கா, என் தங்கமே,

உன்மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மஞ்சள் காமாலை என்று லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, “கீழாநெல்லி அரைச்சுக் குடிச்சா செரியாப் போய்டும்க்கா, அடுத்த வாரம் வந்துர்றேன்” என்று ஊருக்குக் கிளம்பினவள் நீ. வந்தாயா? உன் அப்பாதான் வந்தார். வாசலில் நின்றவர் வாயைத் திறப்பதற்கு முன்பே எனக்குப் புரிந்துவிட்டது. அப்படிச் சொல்லாமல் கொள்ளாமல் போனவளுக்குக் கடிதம் ஒன்றுதான் கேடு என்று இத்தனை நாள் பேனாவைத் தொடாமல் இருந்தேன்.

இப்போது கல்லூரி ஆண்டு மலருக்கு உன்னைப் பற்றி ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்கிறார்கள். உன்னைப் பற்றி ஊராரிடம் சொல்ல எனக்கு என்ன இருக்கிறது? சொல்வதை உன்னிடமே சொல்கிறேன். கூட உட்கார்ந்து கேட்கிறவர்கள் கேட்டுக்கொள்ளட்டும்.

சேதி இதுதான். நம் மாண்புக் கழகம் புதூர்நாட்டுக்குப் போய் வந்தது. ஆமாம், நீ இழுத்து இழுத்துப் பார்த்தும் வராத அதே ஆட்கள், ஜீப் பிடித்து மலை ஏறினார்கள். அங்கே மானம் கப்பலேறிப் போயிருக்க வேண்டியது. எல்லாம் உன்னால்தான்.

கேட்கிறவர்களுக்காகக் கொஞ்சம் விளக்க வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள். பொருளியல் மாண்புக் கழகம் என்பது எங்கள் துறையில் இருக்கும் ஒரு சங்கம். நன்றாகப் படிக்கிற மாணவர்களையும், ஒழுங்காகப் பாடம் நடத்துகிற ஆசிரியர்களையும் தேர்ந்தெடுத்து, ஒரே வரிசையில் உட்காரவைத்துக் கௌரவிப்பது அதன் வேலை. எங்கள் துறைத்தலைவர் சார் வெளிநாட்டில் படித்தபோது அங்கே இப்படி ஒன்றைப் பார்த்துவிட்டு வந்து ஆரம்பித்தார். மெழுகுவத்தி, இங்கிலீஷில் உறுதிமொழி, சட்டையில் குத்திக்கொள்ள ஒரு பித்தளை பேட்ஜ் என்று எல்லாவற்றையும் அப்படியே கொண்டுவந்துவிட்டார். பூங்காவனமும் நானும் அப்போது அந்தத் துறையில் இருந்த இரண்டே பெண் விரிவுரையாளர்கள்.

மெழுகுவத்தியை எடுத்துவிட்டுக் குத்துவிளக்கை வைத்தவள் நீதான். அதை நாங்கள் எல்லோரும் சந்தோஷமாக ஏற்றுக்கொண்டோம். அடுத்து நீ கொண்டுவந்தாயே ஒரு வழக்கம், அதற்குத்தான் அத்தனை சண்டை.

ஒரு வருஷ விழாவில் பேட்ஜ் வாங்க வந்த பையனிடம் யாரோ வெங்காய விலை அடுத்த மாதம் இறங்குமா என்று விளையாட்டாகக் கேட்டுவிட்டார்கள். அவன் பேச ஆரம்பித்தான் பார், நிறுத்தவே இல்லை. அளிப்பு என்றான், தேவை என்றான், பிற மாறாதிருந்தால் என்றான். இறங்குமா இறங்காதா என்பதை மட்டும் கடைசிவரை சொல்லவில்லை. பின்வரிசையில் உட்கார்ந்து நீ என் தொடையைக் கிள்ளிக்கொண்டே இருந்தாய். எனக்குக் கன்றிப்போய்விட்டது.

வெளியே வந்ததும், “அக்கா, இந்தப் புள்ளைங்களுக்குத் தெரியாதுன்னு சொல்லவே வாய் வரலியே” என்றாய்.

“உனக்கு மட்டும் வருதாக்கும்?” என்றேன்.

“வரலதான். அதான் சொல்றேன், பழகலாம்.”

அப்படித்தான் அந்த வழக்கம் வந்தது. கழகத்தில் சேர்கிறவர் மாணவரோ ஆசிரியரோ, சபையில் இருக்கும் யார் வேண்டுமானாலும் எழுந்து அவரைக் கேள்வி கேட்கலாம். தெரிந்தவரை பதில் சொல்லலாம். தெரியாத இடம் வந்ததும், “எனக்குத் தெரியாது” என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொல்ல வேண்டும். சொன்னால்தான் கைதட்டல், சொன்னால்தான் பேட்ஜ். சாருக்கு முகம் சிவந்துவிட்டது. “என்னம்மா இது, கௌரவிக்கிறேன்னு கூப்பிட்டு அவமானப்படுத்தறதா?” என்று கேட்டார். நீ கொஞ்சமும் அசராமல், “அப்ப மொதல்ல நீங்களே சொல்லிக் காட்டிடுங்க சார், யாருக்கும் கூச்சம் இருக்காது” என்றாய்.

ஆனால் சார் நல்ல மனுஷன். மேடையில் நின்றார். ஒரு மாணவன் எழுந்து, “சார், படிச்சு முடிச்சா எனக்கு வேலை கிடைக்குமா?” என்று கேட்டான். சார் ஐந்தாண்டுத் திட்டம் அத்தனையையும் ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். அப்புறம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, “தெரியாதப்பா” என்றார். கூடம் அதிர்ந்துபோனது. அதற்குப் பிறகு கழகத்தின் விழா என்றால் மற்ற துறைப் பிள்ளைகள்கூட ஜன்னலில் தொங்கிக்கொண்டு பார்ப்பார்கள்.

நீ போன பிறகு நான் அந்த விழாவை நடத்தவில்லை. சார் கேட்கும்போதெல்லாம் பரீட்சை என்றேன், மழை என்றேன், கூடத்துக்கு வெள்ளை அடிக்கிறார்கள் என்றேன். அவருக்கும் தெரியும். நீ இல்லாத கூடத்தில் போய் நின்று நான் யாரைப் பார்த்துச் சிரிப்பது? எனக்கு உன்னை அவ்வளவு தேடுகிறது பூங்கா.

இப்படியே கழகம் தானாகப் படுத்துவிடும் என்றுதான் நினைத்தேன். அப்போதுதான் அலமேலு வந்தாள்.

உனக்கு அவளை நினைவிருக்கும். அமிர்தியில் காட்டிலாகாக்காரர் மகளாக வளர்ந்த உனக்கு மலை என்றால் ஒரு கிறுக்கு. லீவு விட்டால் போதும், ஜீப்பில் தொற்றிக்கொண்டு புதூர்நாட்டுப் பக்கம் போய்விடுவாய். அங்கே பள்ளிக்கூடம் முடித்த பெண் பிள்ளை யாராவது இருந்தால் அவள் வீட்டில் மோர் குடித்துவிட்டு, கல்லூரிக்கு அனுப்புங்கள் என்று வாயாடிவிட்டு வருவாய். அப்படி நீ பேசிப் பேசிக் கொண்டுவந்த ஒரே பெண் அவள். அவள் முதல் வருஷம் முடிப்பதற்குள் நீ போய்விட்டாய். ஓர் ஓரமாக உட்கார்ந்து அழுதாள். அப்புறம் எழுந்து படித்தாள். எப்படிப் படித்தாள் தெரியுமா? பி.ஏ.வில் முதல் வகுப்பு. மெட்ராஸில் எம்.ஏ.வுக்கு இடமும் கிடைத்துவிட்டது. மாண்புக் கழகத்துக்கு அவளைத் தேர்ந்தெடுப்பதில் ஒருவருக்கும் மறுபேச்சு இல்லை.

ஆனால் பரீட்சை எழுதிவிட்டு மலைக்குப் போனவள் திரும்பி வரவே இல்லை. சேர வேண்டிய நாளோ நெருங்கிக்கொண்டிருந்தது. புதூர்நாட்டுக்கு வண்டி ஓட்டுகிற டிரைவரிடம் சொல்லி அனுப்பினேன். அவர் பதில் கொண்டுவந்தார். “அவங்கப்பா படிச்சது போதும்னுட்டாருங்க மேடம். அத்தை வூட்டுப் பையனுக்குக் குடுக்கறாங்களாம். ஆடி போனா ஆவணியில கண்ணாலம்.”

நேரே சாரிடம் போனேன். “சார், கழகத்தைக் கூட்டணும்” என்றேன். அவருக்கு நம்பவே முடியவில்லை.

“எப்போம்மா?”

“வர்ற ஞாயித்துக்கிழமை.”

“கூடம் காலியா இருக்கான்னு கேட்டுக்கறேன்.”

“கூடத்துல இல்ல சார். மலையில.”

என் கணக்கு இதுதான். பெரிய பெரிய ஆசிரியர்கள் மலை ஏறி வந்து, தன் ஊர் நடுவில் தன் மகளுக்குப் பொன்னாடை போர்த்திப் பேட்ஜ் குத்துவதைப் பார்த்தால் எந்த அப்பனுக்கும் மனசு குளிரும். குளிர்ந்தால் அனுப்பிவிடுவார். என் மூளைக்கு எட்டியது அவ்வளவுதான். பிழையாகவும் தெரியவில்லை.

திருப்பத்தூரில் வாடகைக்கு ஜீப் பிடித்தோம். முன்னால் டையும் கோட்டுமாக சார். பின்னால் நானும், ஒருவர் மடியில் ஒருவராக மாணவர்களும். குத்துவிளக்கைக் கோணிப்பையில் சுற்றி என் காலடியில் வைத்திருந்தேன். ஒவ்வொரு வளைவிலும் அது என் முழங்காலைப் பதம் பார்த்தது. வழியில் ஒரு பையன் வாந்தி எடுத்தான். புளியமரங்கள் வந்ததும் எல்லோரும் தலையை வெளியே நீட்டிக்கொண்டு ஆகா ஓகோ என்றார்கள். இந்தப் பாதையில் நீ தனியாகத்தானே இத்தனை நாள் போய் வந்தாய்? யாரிடம் பேசிக்கொண்டு போவாய்?

அலமேலுவின் அப்பா வெள்ளையன் ஒல்லியான மனிதர், நிதானமாகப் பேசுகிறவர். “வாங்க, வாங்க. வெயில்ல வந்துகீறீங்களே, மோரு குடிங்க” என்று வாய் நிறையக் கூப்பிட்டார். மகளைக் கட்டிக்கொடுக்கப் போகிற வீட்டுக்காரியான அவருடைய அக்கா குப்பம்மா, கையில் எண்ணெய் தடவிக்கொண்டு பலாப்பழம் அறுத்துக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும், “எம் மருமவள இட்டுகினு போவத்தான் இம்மாம் பெரிய படையா?” என்று பக்கத்திலிருந்தவளிடம் கேட்டாள். ரகசியமாகக் கேட்கிறாளாம். கோயில் மணிக்கே கேட்டிருக்கும்.

அலமேலு என் பக்கத்தில் வந்து நின்றாள். “ஏன் மேடம் இவ்ளோ தூரம்?” என்றாள். அதற்குமேல் பேசினால் அழுதுவிடுவாள் என்று தெரிந்தது.

மாரியம்மன் கோயில் முன்னால் பாய் விரித்தார்கள். விளக்கை ஏற்றினால் காற்று அணைத்துவிட்டது. மறுபடி ஏற்றினோம், மறுபடி அணைந்தது. குப்பம்மா எழுந்துபோய் ஒரு முறத்தைக் கொண்டுவந்து மறைப்பாகப் பிடித்தாள். சார் பேசினார். மாண்பு, தகைமை, எதிர்காலம் என்று அவருக்குத் தெரிந்த நல்ல தமிழையெல்லாம் கொட்டினார். பாதி யாருக்கும் புரியவில்லை. ஆனால் நடு நடுவே “உங்கள் அலமேலு, உங்கள் அலமேலு” என்றாரே, அது புரிந்தது. வெள்ளையன் தோளில் கிடந்த துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். எனக்கு உள்ளே ஒரே குதியாட்டம். காரியம் முடிந்தது, பெட்டியைக் கட்ட வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போது சார் பழக்கதோஷத்தில் சொன்னார், “இப்போது சபையில் உள்ளவர்கள் இவரை ஒரு கேள்வி கேட்கலாம்.”

பூங்கா, சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு அதுவரை உறைக்கவே இல்லை. உன் வழக்கம் எங்களுக்குப் பல் தேய்ப்பதுபோல் ஆகிவிட்டிருந்தது. அதைப் பற்றி அந்த ஊரில் யாருக்கும் ஒரு வார்த்தை சொல்லி வைக்கத் தோன்றவில்லை. எங்களில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. பொருளாதாரம் படித்தவர்கள் எத்தனை பேர் அந்த ஜீப்பில் இருந்தோம்!

அப்புறம் முறத்தைப் பக்கத்திலிருந்தவளிடம் கொடுத்துவிட்டுக் குப்பம்மா எழுந்தாள்.

“நான் கேக்கலாமா சாமி?”

“தாராளமாகக் கேளுங்கம்மா,” என்றார் சார்.

“ஏண்டி அலமேலு, பலா நெறைய காய்ச்ச வருசம் கீழ கொண்டுபோனா கேக்க ஆளில்ல. காய்க்காத வருசம் நல்ல வெல இருக்குது, கையில பழம் இல்ல. இப்டியே போய்கினு இருந்தா நாம எப்பத்தாண்டி நல்லா இருக்கறது?”

அலமேலு அழகாகப் பதில் சொன்னாள். எல்லோருக்கும் ஒரே நேரத்தில் பழுப்பதை, வைத்து விற்க முடியாததை, கீழே கொண்டுபோய்விட்டால் திரும்பக் கொண்டுவர முடியாது என்று வியாபாரிக்குத் தெரிந்திருப்பதை எல்லாம் மலைப் பேச்சிலேயே சொன்னாள். சாரும் நானும் ஒருவரையொருவர் பெருமையாகப் பார்த்துக்கொண்டோம்.

குப்பம்மா விடவில்லை. “ஏன்னு நான் கேக்கலடி. எப்பன்னு கேக்கறேன்.”

அலமேலு நின்றாள். சாரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நன்றாக நிமிர்ந்து, நம் கூடத்தில் சொல்கிற மாதிரியே கடைசி வரிசைக்கும் கேட்கும்படி சொன்னாள்.

“எனக்குத் தெரியாது அத்தை.”

தட்டினோம் பார் கையை! பையன்கள் விசில் அடித்தார்கள். நான் ஓடிப்போய் அவளுக்குப் பேட்ஜைக் குத்தினேன், பொன்னாடை போர்த்தினேன். திரும்பிப் பார்த்தால் ஊர் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. ஒரு கைகூட அசையவில்லை. பின்னாலிருந்து யாரோ உச்சுக் கொட்டினார்கள்.

“இன்னாம்மா இது?” என்றார் வெள்ளையன். “கேட்டதுக்குத் தெரியாதுன்னுட்டா. அதுக்குப் போய் கை தட்றீங்க?”

“மூணு வருசம் படிச்சவளுக்கும் தெரியாது. படிக்காத எனக்கும் தெரியாது,” என்றாள் குப்பம்மா. “அப்ப நடுவுல எதுக்கு இந்தப் பேஜாரு?”

ஊர் சிரித்தது. எங்களைப் பார்த்துச் சிரித்தது. வெள்ளையன் மட்டும் சிரிக்கவில்லை. “எம் பொண்ணு நல்லாப் படிக்கறான்னு நெனச்சிகினு இருந்தேன். ஊர் கூட்டி, சபையில நிக்க வச்சி இப்டிப் பண்ணிட்டீங்களே. அத்த கழட்டிக் குடுத்துடும்மா அலமேலு.”

அந்த நிமிஷம் உன்னைத் திட்டினேன் பார், வேறு யாரையும் அப்படித் திட்டியதில்லை. உன் வழக்கம்! உன் பாழாய்ப்போன வழக்கம்! ஒரு பெண்ணை மெட்ராஸுக்கு அனுப்பவைக்க வந்துவிட்டு, இருந்த கொஞ்ச நம்பிக்கையையும் நாங்களே கெடுத்துவிட்டோம். நீ அங்கே இருந்திருந்தால் என்ன செய்திருப்பாய்? சிரித்திருப்பாயா?

சார் எழுந்தார். “ஐயா, இது அறிவின் எல்லையை உணர்த்தும் ஒரு குறியீட்டு...” என்று ஆரம்பித்தார்.

“சார், உக்காருங்க சார்,” என்றேன். கழகம் ஆரம்பித்த நாளிலிருந்து அவரிடம் நான் அப்படிச் சொன்னதில்லை. உட்கார்ந்துவிட்டார்.

அலமேலுவின் கை பேட்ஜுக்குப் போயிருந்தது. ஆனால் கழற்றவில்லை. “மாட்டேன்பா,” என்றாள். “இத்த நான் பொய் சொல்லி வாங்கல.”

நான் வெள்ளையனிடம் போனேன். “அண்ணே, அக்கா கேட்டதுக்கு எனக்கும்தான் பதில் தெரியாது” என்றேன்.

“அப்ப அவள மட்டும் எழுப்பிக் கேக்க வுட்டீங்களே, அது நாயமா?”

நியாயம் இல்லைதான். சார் மறுபடியும் எழுந்தார். இந்த முறை பிரசங்கம் செய்யவில்லை. கோட்டைக் கழற்றி ஒரு பையன் கையில் கொடுத்துவிட்டு, அலமேலு நின்ற இடத்தில் போய் நின்று, குப்பம்மாவைப் பார்த்துக் கையைக் கூப்பினார். “என்னையும் கேளுங்கம்மா.”

அவளா விடுவாள்? “சொல்லுங்க சாமி, நாங்க எப்ப நல்லா இருப்போம்?”

“தெரியாதும்மா,” என்றார் சார். “தலை நரைக்கிற வரைக்கும் இதைத்தான் சொல்லிக் குடுத்துக்கிட்டிருக்கேன். எனக்குத் தெரியாது.”

நம் கூடத்தில் அவர் அதைச் சொன்னபோது எல்லோரும் சிரித்தோம், அவரும் சிரித்தார். அங்கே ஒருத்தரும் சிரிக்கவில்லை. ஏன் பூங்கா, நீ முதல்முதலில் இதைக் கொண்டுவந்தபோது இப்படித்தான் இருக்க வேண்டும் என்று நினைத்தாயோ? நாங்கள்தான் அதை விளையாட்டாக்கிவிட்டோமோ?

குப்பம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். “இப்டி வெளிய சொன்னா உங்களுக்கு வேல போவாதா?” என்று கேட்டாள்.

“போகாதும்மா.”

“பரவால்லியே!” என்றுவிட்டுத் தம்பி பக்கம் திரும்பினாள். “ஏண்டா வெள்ளையா, ஜீப்பு வச்சிகினு இந்த மலைக்கு எத்தினி பேரு வந்துகீறான்? ஓட்டு கேக்க வந்தான், ரோடு அளக்க வந்தான், மரம் எண்ண வந்தான். ஒருத்தனாச்சும் தெரியாதுன்னு சொல்லிகீறானா? எத்த கேட்டாலும் வந்துடும், வந்துடும்னுதானே சொல்லிட்டுப் போனானுங்க? இன்னா வந்திச்சி?”

“ஒண்ணும் வரல,” என்றார் வெள்ளையன்.

“ஆங். சபையில நின்னு பொய் சொல்லாதது இவங்கதான். அதுல ஒருத்தி நம்மூட்டுப் பொண்ணு. அத்த ஏண்டா கழட்டச் சொல்றே?”

“அதுக்கு இப்ப இன்னா பண்ணச் சொல்றே?”

“அனுப்பு. இவங்களுக்கும் தெரியலன்னா வேற எங்கனாப் போயி கேட்டுகினு வரட்டும்.”

வெள்ளையன் அவளையே பார்த்தார். “உம் புள்ளைக்கு?”

குப்பம்மாவுக்கு ஒரு கணம் முகம் மாறியது. மருமகள் என்று வாய் நிறைய சொல்லிக்கொண்டிருந்தவள் அல்லவா? முந்தானையால் கையிலிருந்த எண்ணெயைத் துடைத்தாள். “அவன் கெடக்கறான். இவள கட்டினா தெனமும் கேள்வி கேட்டே அவன சாவடிச்சிடுவா,” என்றாள். அலமேலுகூடச் சிரித்துவிட்டாள். அத்தையின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு சிரித்தாள், அழுதாள், எது எது என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

வெள்ளையன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கொல்லைப் பக்கம் போய்விட்டார். சாமைச் சோறும் பலாக்கொட்டைக் குழம்பும் போட்டார்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை. சார் இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டார். நாங்கள் ஜீப்பில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் வெள்ளையன் வந்தார். கம்பியைப் பிடித்துக்கொண்டு, “மெட்ராஸுக்கு எந்த வண்டிமா நல்லது? பகல்ல போறதா பாத்துச் சொல்லுங்க,” என்று கேட்டார். கொஞ்சம் தள்ளி நின்ற குப்பம்மா, “அடுத்த வருசமும் வாங்க சாமி. கேக்கறதுக்கு எங்கிட்ட இன்னும் கீது!” என்று கத்தினாள். ஊரே கைகாட்டியது.

நடந்தது இதுதான். உனக்கு இப்போது எவ்வளவு கர்வமாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். கொஞ்சம் அடக்கிக்கொள்.

மற்ற சேதிகளும் இருக்கின்றன. சார் அடுத்த வருஷம் ஓய்வு பெறுகிறார். உன் மேசைக்கு ஒரு புதுப் பையனைப் போட்டிருக்கிறார்கள், நல்ல பிள்ளை, ஆனால் எதற்கெடுத்தாலும் பதில் வைத்திருக்கிறான். அவனை மாண்புக் கழகத்தில் சேர்த்து, அடுத்த விழாவில் குப்பம்மாவுக்கு எதிரே நிறுத்துவதாக இருக்கிறேன். உன் அப்பாவைப் போய்ப் பார்த்தேன். அமிர்தி பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே, “பூங்காவோட அக்கா வந்துட்டாங்க” என்று யாரோ ஓடிப்போய்ச் சொல்லிவிட்டார்கள். அந்த ஊரில் எனக்கு அதுதான் பேர். மலையில் நடந்ததை அவரிடம் சொன்னேன். மறுபடி ஒருதரம் சொல்லச் சொல்லிக் கேட்டார்.

அலமேலு போன வாரம் மெட்ராஸுக்குக் கிளம்பினாள். நம் துறையின் பழைய மாணவி ஒருத்தி அங்கே எம்.ஏ. இரண்டாம் வருஷம் படிக்கிறாள், அவளே வந்து துணைக்குக் கூட்டிப்போனாள். வழியனுப்ப நானும் வெள்ளையனும் ஜோலார்பேட்டை ஸ்டேஷனுக்குப் போனோம். அவர் அதுவரை ரயிலைக் கிட்டத்தில் பார்த்ததில்லை. இன்ஜின் வந்தபோது மகளின் கையைப் பிடித்துப் பின்னால் இழுத்துக்கொண்டார். அப்புறம் அவராகவே பெட்டியைத் தூக்கி உள்ளே வைத்தார். ஜன்னல் கம்பி வழியாக அவள் தலையைத் தடவினார். வண்டி நகர்ந்ததும் கூடவே கொஞ்ச தூரம் நடந்தார், நின்றார்.

திரும்பி வந்து என்னிடம் கேட்டார். “டீச்சரம்மா, படிச்சி முடிச்சிட்டு இவ மலைக்குத் திரும்பி வருவாளா?”

கட்டாயம் வருவாள் என்று சொல்ல எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்தது பூங்கா. அவர் முகத்தைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் வரும். சொல்லியிருந்தால் நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பார். ஆனால் மாரியம்மன் கோயில் முன்னால் நின்றுவிட்டு வந்தவள் நான். என்னால் முடியவில்லை.

“தெரியாதுண்ணே,” என்றேன்.

அவர் கோபப்படவில்லை. வண்டி போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான்.

“ஆனா நான் வர்றேன்,” என்றேன். “மாசா மாசம் மலைக்கு வர்றேன். அவ எப்டி இருக்கா, இன்னா படிக்கறான்னு எனக்குத் தெரிஞ்சத உங்க வூட்டுல வந்து சொல்லிட்டுப் போறேன்.”

“செரிமா,” என்றார். “வா.” அதுவரை ‘வாங்க’ என்றே கூப்பிட்டவர் அப்போதுதான் முதல் தடவையாக அப்படிச் சொன்னார்.

உன்னிடமும் சொல்லிவிட்டேன், இனி மாற்ற முடியாது. வருகிற சனிக்கிழமை ஜீப்புக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். முழங்கால் வலிக்கிறது என்று படுத்துக்கொண்டால் வந்து கிள்ளு.

உன் கூடப்பிறக்காத அக்கா,
கஸ்தூரி